ஜீப்புக்கு முளைத்த தும்பிக்கை

ஜீப் நடு ஓடையில் நின்றுவிட்டபோது, தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இருக்கைக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காக்கிக் காற்சட்டையோடு அசையாமல் உட்கார்ந்து, வாயிலிருந்த சுங்கான் புகைக்குழாயை எடுத்துவிட்டு, "டிரைவர், இன்ஜின் தண்ணி குடிச்சிருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"குடிச்சிருச்சுங்க தொர."

"நெறையவா?"

"வயிறு முட்டக் குடிச்சிருக்குங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். தண்ணீருக்குள் இறங்கி அக்கரைக்கு நடந்துபோய், ஒரு கல்லில் உட்கார்ந்து, நீண்ட காலுறைகளைக் கழற்றி, ஒவ்வோர் அட்டையாகப் பிடுங்கிப் போடத் தொடங்கினார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்திருந்தது. இறம்பொடைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தை அந்த ஓடை இரண்டாக வெட்டியது. மேல் பக்கத்தில் பங்களாவும், ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலை ஆலையும். கீழ் டிவிசனில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்கள். ஆட்கள் நடக்கப் பலகைப் பாலம் ஒன்று உண்டு. வண்டி மட்டும் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். வெயில் காலத்தில் அந்த ஓடையில் கோழி நடந்து போகும். மழை பிடித்துவிட்டால் மூன்று நாளில் பொனட்டைத் தொடும்.

அந்த ஜீப், யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலத்தில் விட்ட வண்டி. இடப்பக்கம் ஸ்டியரிங். தொரை பர்மாவில் அதே மாதிரி வண்டியில் சண்டைக்குப் போனவராம். கொழும்பில் அதைக் கண்டதும் வேறெதையும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சண்டையில் பக்கத்தில் ஏதோ வெடித்து அவருடைய வலது காது போயிருந்தது. பேசுகிறவர்கள் எல்லாரும் அவருக்கு இடப்பக்கம் வந்து நின்றுதான் பேசுவோம்.

லயத்திலிருந்து வந்த பத்துப் பேர் ஜீப்பைத் தள்ளிக் கரையேற்றினார்கள். நான் நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். பிளக் ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து என் முகத்தில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தொரையும் சிரித்தார். பிறகு சிகரெட் பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு ஜீப்பை வரைந்தார். அதன் பொனட் பக்கத்திலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, கண்ணாடிக்குப் பக்கமாக ஏறி, கூரைக்கு மேலே நின்றது.

"பர்மால இப்பிடித்தான் ஆறு தாண்டுனது. மூக்கு கீழ இருந்தா தண்ணி குடிக்கும். மூக்க மேல வை" என்றார்.

சொன்ன விஷயம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. இன்ஜின் காற்றை இழுக்கிற இடம் ஏர் கிளீனர். அந்த ஜீப்பில் அது பொனட்டுக்குள்ளே, வலது பக்கத்தில் இருந்தது. அடியில் ஒரு கிண்ணத்தில் எண்ணெய். காற்று அதன் மேல் தவழ்ந்து தூசியை எண்ணெயில் விட்டுவிட்டுப் போகும். அந்தக் கிளீனரின் வாய்க்குத் தண்ணீர் எட்டினால் கதை முடிந்தது. வாயை உயர்த்திவிட்டால் தலைக்கு மேல் தண்ணீர் வந்தாலொழியக் கவலையில்லை. அதற்குள் டிரைவர் முழுகியிருப்பான். அது வேறு விஷயம்.

கடைத்தெருவில் தகர வேலை செய்கிற ஒரு சிங்களவர் இருந்தார், பாஸ் என்று கூப்பிடுவோம். ஐம்பது வயசிருக்கும். வாளி, விளக்கு, கூரைப் பீலி எதுவானாலும் ஈயத்தால் பற்ற வைப்பார். தமிழை எங்களைப் போலவே பேசுவார், தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் மல்லி என்பார். சிகரெட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மல்லி, இது ஜீப்பா, யானையா?"

"யானைன்னே வச்சுக்குங்க பாஸ். தும்பிக்கை மட்டும் ஒழுகாம இருந்தா போதும்."

பங்களாக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் இறங்குகிற பழைய தகரக் குழாய் ஒன்று ஸ்டோரின் பின்னால் கிடந்தது. அதை மூன்று துண்டாக வெட்டி வளைவு வைத்துப் பற்ற வைத்தார். பூச்சியும் இலையும் போகாமல் வாய்க்கு ஒரு சல்லடை வேண்டும். தேயிலை சலிக்கிற மெஷினில் கிழிந்துபோன கம்பி வலை ஒன்றை ஸ்டோரைப் பார்க்கிற டீமேக்கரையாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். மழை நேரே இறங்காமல் இருக்க உச்சியில் ஒரு தகரத் தொப்பி. கிளீனரையும் குழாயையும் இணைக்க லொறி டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டி, கம்பியால் இறுக்கினோம்.

இன்ஜினைப் போட்டதும் நன்றாகத்தான் ஓடியது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். மூச்சுத் திணறி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், இன்ஜின் இழுத்த இழுப்பில் அந்த டியூப் துண்டு உள்ளே சப்பி ஒட்டிப்போயிருந்தது. மெல்லிய ரப்பர் அதைத் தாங்காது என்று அன்றைக்குப் படித்தேன். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, லொறி ரேடியேட்டரில் போடுகிற தடித்த ஹோஸை மாட்டினோம்.

பாஸ் அப்போது எனக்கு ஒரு சோதனை சொல்லித் தந்தார். இன்ஜின் ஓடும்போது உச்சியில் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்த வேண்டும். இன்ஜின் நின்றால் வேலை சரி. நிற்காமல் ஓடினால் வழியில் எங்கேயோ பொத்தல் இருக்கிறது, தண்ணீரும் அதே வழியாகத்தான் வரும். நாங்கள் பொத்தினோம். ஓடியது. பற்ற வைத்த இடங்களை மறுபடி பற்ற வைத்தோம். பொத்தினோம். ஓடியது. நான்காம் தடவை என் உள்ளங்கையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு இன்ஜின் அடங்கியது. பாஸ் ஒரு பீடி பற்ற வைத்து, "ஹரி, இப்ப சரி" என்றார்.

பிளக் வயர்களுக்கெல்லாம் கிரீஸ் பூசி அடுத்த நாளே ஓடையில் இறங்கினேன். தண்ணீர் பொனட்டை உரசியது. என் மடியில் ஏறியது. இன்ஜின் நிற்கவில்லை. அக்கரை ஏறியதும் தொரை என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். தேயிலைக் கொழுந்து எடுக்க வந்த பெண்கள் மேட்டில் வரிசையாக நின்று பார்த்தார்கள். அன்றிலிருந்து அதற்குத் தும்பிக்கை என்றுதான் பெயர்.

வெயில் காலம் வந்ததும் இன்னொரு நன்மையும் தெரிந்தது. ரோட்டில் கிளம்புகிற செம்மண் தூசி சக்கரத்தோடு கீழே நிற்க, ஜீப் மேலேயிருந்து சுத்தமான காற்றைக் குடித்தது. கிளீனரின் எண்ணெயை வாரா வாரம் மாற்றியவன் மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினேன்.

ஒரே ஒரு விஷயம். அது சத்தம் போட்டது.

முதல் கியரில் மேடு ஏறும்போது குழாய்க்குள்ளிருந்து ஒரு முனகல் வரும். வேகம் கூடக் கூட அது ஊளையாக ஏறி, ஓர் இடத்தில் சங்கு ஊதுகிற மாதிரி நின்று ஒலிக்கும். பள்ளத்தாக்கு அதை வாங்கி எதிர்மலைக்குக் கொடுக்கும். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் என்று லயத்தில் சொன்னார்கள். குழாய் ஏறுவது வலப்பக்கம். தொரை உட்காருவதும் வலப்பக்கம், அதுவும் கேட்காத காதுக்குப் பக்கத்தில். அவருக்கு அது வெறும் இன்ஜின் சத்தத்தோடு சேர்ந்து போய்விட்டது.

முன்பெல்லாம் தொரை எந்த மலையில் எப்போது வந்து நிற்பார் என்று யாருக்கும் தெரியாது. இப்போது தோட்டம் முழுவதற்கும் தெரிந்தது. வெற்றிலை போட உட்கார்ந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். நிழலில் தூங்கிய கங்காணி கம்பை எடுத்துக்கொண்டு நின்றார். ஜீப் போய்ச் சேரும்போது எல்லாக் கைகளும் கொழுந்து மேலேயே இருக்கும். தொரை சந்தோஷப்பட்டார். "இந்த வருசம் ஆளுங்க நல்ல வேல" என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க தொர" என்றேன்.

எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. பெருமையாகவும்தான். தோட்டத்தில் எல்லாருக்கும் பிடித்தமானவனாக அதற்கு முன்னால் நான் இருந்ததில்லை. ஸ்டோருக்குப் போனால் பிளேன்டீ தந்தார்கள். கீழ் டிவிசன் கணக்கப்பிள்ளை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் என்னை ஏறிட்டுப் பார்க்காத மனிதர், ஒரு நாள் ஆள் விட்டு ஒரு சாக்கு மரக்கறி அனுப்பினார். முட்டைக்கோஸை நாங்கள் கோவா என்போம். நான்கு பெரிய கோவா, கொஞ்சம் கரட், லீக்ஸ். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தது. நானும் வாங்கிக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் அந்தியில் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அப்போதுதான் வந்திருந்தாள். இருட்டுகிற நேரம். மற்றப் பெண்கள் எப்போதோ வந்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். பிள்ளை அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் கீழ் டிவிசனில் கொழுந்தெடுக்கிறவள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தாள். தட்டில் சோற்றைப் போட்டு, கோவாச் சுண்டலை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"இருக்கும். இந்தக் கோவாவுக்குக் களை புடுங்குனது நாந்தான்."

நான் கையை எடுத்தேன்.

"என்னா சொல்ற?"

"ஓடையோரப் பள்ளத்துல கணக்கப்பிள்ளை தோட்டம் போட்டிருக்காரே, தெரியாதா ஒங்களுக்கு? தெரியாது. ஒங்க ஜீப்பு வர்றப்ப நாங்க அங்க இருக்க மாட்டோமே. கொழுந்துல இருப்போம்."

பிறகு அவள் ஒரே மூச்சில் சொன்னாள். கணக்கப்பிள்ளைக்குத் தன் குவார்ட்டர்ஸ் பின்னால் கொஞ்சம் மரக்கறி போட அனுமதி உண்டு. அவர் யாருக்கும் தெரியாமல், ரோட்டுக்கு மறைவான பள்ளத்தில் பெரிய துண்டு நிலத்தைத் துப்புரவாக்கிவிட்டார். தினமும் ஏழெட்டுப் பெண்களைக் கொழுந்திலிருந்து பிரித்து அங்கே இறக்குகிறார். தும்பிக்கைச் சத்தம் கேட்டால் எல்லாரையும் மேலே விரட்டுவார். ஜீப் போனதும் திரும்ப இறக்குவார். கூடை நிறைவதில்லை. குறைந்த கொழுந்தை எடுக்க எல்லாரும் போன பிறகும் நிற்க வேண்டியிருக்கிறது, அதற்குள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற காம்பரா மூடிவிடுகிறது.

"புள்ளக் காம்பராவுல ஆயாம்மா கதவச் சாத்திட்டுப் புள்ளயோட வாசல்ல நிக்கிறாங்க. நேத்தும் நின்னாங்க. இன்னைக்கும் நின்னாங்க."

"நீ அவருகிட்டச் சொல்றதுதானே?"

"சொன்னேன். டிரைவரு பொண்டாட்டின்னா கொம்பு மொளைச்சிருக்கான்னு கேட்டாரு. ஒன் புருசன்தான் மரக்கறி வாங்கித் திங்கிறாருல்லன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"நீங்க அந்தக் குழாயப் பத்தி ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. எப்பிடிச் சொல்றது?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவள் பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள். சாப்பிட்டு முடிக்க எனக்கு நெடுநேரம் ஆனது.

நேராகத் தொரையிடம் போய்க் கோள் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னாலும், கணக்கப்பிள்ளை இல்லை என்பார். தொரை பார்க்கப் போவார். ஜீப் ஊளையிடும். பள்ளத்தில் பாத்திகள் இருக்கும், பெண்கள் இருக்க மாட்டார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு பாஸிடம் போனேன்.

"பாஸ், இந்தச் சத்தத்த எடுக்கணும்."

"ஏன் மல்லி? நல்ல சத்தம். நான் கடைக்குள்ள இருந்தே தொர வர்றது கண்டுபிடிப்பேன்."

"அதுக்காகத்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். இன்ஜினைப் போடச் சொல்லி, குழாயின் மேல் கையை வைத்து அங்கங்கே தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் விரல்கள் நடுங்கின. குழாய் ஒடுக்கம், அதுவும் நேராகப் போகிறது, காற்று உள்ளே நெருக்கியடித்து ஓடி வந்து கத்துகிறது என்றார். நடுவில் ஓர் அறை வைத்தால் காற்று அங்கே நின்று இளைப்பாறிப் போகுமாம். நான் பங்களாவுக்குப் போய் சமையல் அப்புவிடம் பெரிய பிஸ்கட் டின் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். சப்பிப் போகாமல் இருக்க அதன் பக்கங்களுக்கு உள்ளே பட்டை வைத்துப் பற்ற வைத்தார். குழாயையும் மாற்றினோம். ஸ்டோரில் கழித்துப் போட்ட அகலமான குழாய் ஒன்று கிடைத்தது. வாயை முன்னைவிட விரித்து விட்டார். திரும்பவும் உள்ளங்கைச் சோதனை. இரண்டாவது தடவையிலேயே இன்ஜின் நின்றது.

திரும்பி வரும்போது மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தேன். மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான். காற்றுத் தாராளமாகக் கிடைத்ததில் வண்டியின் இழுவையும் கூடியிருந்தது. வழக்கமாக முதல் கியருக்கு வருகிற வளைவை இரண்டாவது கியரிலேயே ஏறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் நான் வந்த காரியத்தையே மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தொரை கீழ் டிவிசனுக்குப் போகச் சொன்னார். ஓடையைத் தாண்டி, கடைசி வளைவில் வழக்கமாகப் போகாத பள்ளத்து வழியில் ஜீப்பைத் திருப்பினேன். பச்சைப் பசேல் என்று கோவாப் பாத்திகள். அதற்குள் எட்டுப் பெண்கள் குனிந்து நின்றார்கள். என் மனைவியும் இருந்தாள். வரப்பில் கணக்கப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு, யாருக்கோ எங்கே களை இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்து" என்றார் தொரை.

ஜீப் நின்ற பிறகும் கணக்கப்பிள்ளை எங்களைக் கவனிக்கவில்லை. என் மனைவிதான் முதலில் நிமிர்ந்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். கடைசியில் அவர் திரும்பினார். குடை கீழே விழுந்தது. தொரை இறங்கவில்லை. பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெண்களை எண்ணுவது போல விரல் அசைந்தது. பிறகு, "பங்களாவுக்கு" என்றார்.

இரண்டு வளைவு தாண்டியதும் தொரை கேட்டார்:

"அவன் நம்மப் பாக்கல. ஏன்?"

"ஜீப்பு சத்தம் போடலங்க தொர."

"முன்ன போட்டுதா?"

"போட்டுச்சுங்க. இந்தக் குழாய்தாங்க. ஒரு மைலுக்குக் கேக்கும். தொரையோட அந்தக் காதுப் பக்கம் இருந்ததால தொரைக்குக் கேக்கல."

"எத்தன மாசம்?"

"எட்டு மாசமுங்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்குந்தாங்க."

"நீ சொல்லல."

"சொல்லலங்க. எல்லாரும் சந்தோசமா இருக்காங்கன்னு நெனச்சேன். வாரா வாரம் எனக்கும் கோவா வந்துச்சுங்க. நேத்துதான் சத்தத்த எடுத்தேன்."

மறைக்காமல் சொல்லிவிட்டதும் நெஞ்சு லேசானது. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் சுங்கானைப் பற்ற வைக்க முயன்றார். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது.

"எட்டு மாசம் நான் தோட்டம் பாக்கல" என்றார் கடைசியில். "நீ காட்டுனது பாத்தேன்."

நான் பங்களா வாசலில் ஜீப்பை நிறுத்தினேன்.

வேலை போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாரம் தொரை தினமும் தோட்டம் முழுவதும் நடந்தார். நான் அவருக்குப் பத்தடி பின்னால் முதல் கியரில் ஜீப்பை உருட்டிக்கொண்டு போக வேண்டும். அதுதான் எனக்குத் தண்டனை. மலையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கங்காணிமார் முறைத்தார்கள். வெற்றிலை போட உட்கார முடியவில்லை என்று என் மனைவியின் கூட்டாளிகளே அவளிடம் முனகினார்களாம். "அந்தியில நேரத்தோட வீட்டுக்குப் போறீங்கல்ல" என்று அவள் சொன்னதும் பேச்சை விட்டுவிட்டார்கள். ஸ்டோரில் பிளேன்டீ நின்றது. கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டிலிருந்து டிரைவர்மார் வந்து பிஸ்கட் டின்னைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பாஸின் விலாசம் கேட்டுப் போனார்கள்.

கணக்கப்பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அதே கம்பெனியின் இன்னொரு தோட்டம் உடப்புசல்லாவைப் பக்கம் இருந்தது. மாத முடிவில் அங்கே மாற்றிவிட்டார்கள். அவருடைய சாமான்களை ஏற்றிப் போக லொறியை எடுக்கச் சொல்லி எனக்கே உத்தரவு வந்தது. கட்டில், அலுமாரி, கோழிக்கூடு எல்லாவற்றையும் ஏற்றினோம். அவருடைய மனைவியும் இரண்டு மகள்களும் முதல் நாளே பஸ்ஸில் போயிருந்தார்கள். அவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

நுவரெலியா டவுனைத் தாண்டியதும், "டிரைவரு, நீதான் சொன்னியாம்" என்றார்.

"கேட்டாரு. சொன்னேங்க."

"ஒன் சம்சாரம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொன்னாளுங்கய்யா. நீங்கதான் கேக்கல."

அவர் வெளியே பார்த்தார். பிறகு, அந்தப் பக்கம் குளிர் அதிகமாமே, மகளுக்கு நெஞ்சுச்சளி, எப்படித் தாங்குவாளோ என்றார். குவார்ட்டர்ஸில் அடுப்பு நல்லதாக இருந்தால் சமாளித்துவிடலாம் என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு சாதாரணமாகவே பேசிக்கொண்டு போனோம். மழையைப் பற்றி, ரோட்டைப் பற்றி.

இறக்கி வைத்து முடித்ததும் அவருடைய மனைவி பெரிய கிளாஸில் தேத்தண்ணியும் வெல்லக்கட்டியும் தந்தார். குடித்துவிட்டுப் புறப்பட்டேன். அவர் தோட்டத்துக் கேட் வரைக்கும் வந்து, லொறி போகச் சங்கிலியைத் தானே தூக்கிப் பிடித்தார்.

வீடு வந்தபோது விளக்கு வைத்திருந்தது. பிள்ளை தூங்கிவிட்டது. மனைவி கேட்டாள்:

"எல்லாம் எறக்கிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். அலுமாரிக் கண்ணாடி மட்டும் கீறிருச்சு."

"அந்த அம்மா என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. தேத்தண்ணி குடுத்தாங்க."

"நல்ல மனுசி" என்றாள். "நம்ம புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப கொத்தமல்லி அவங்கதான் குடுத்தாங்க."

பிறகு கை கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள். அன்றைக்குப் பருப்பும் கருவாடும்.